ஹாங்காங் படங்கள், ஹாங்காங் தெருக்கள்: எந்தப் பிரதி போடுவது, எங்கே போய் எதைப் பார்ப்பது?

கோவை_திரைவட்டம் (கேள்வி)

வணக்கம். எங்கள் திரைப்படச் சங்கத்தில் 'நகரமும் சினிமாவும்' என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைத் திரையிடல் வைக்கிறோம். இந்த முறை ஹாங்காங். 'இன் தி மூட் ஃபார் லவ்', 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' இரண்டும் முடிவாகிவிட்டது, இன்னும் இரண்டு வேண்டும். முதல் படத்துக்கே இரண்டு பிரதி கைக்கு வந்திருக்கிறது, ஒன்றின் நிறம் மற்றதில் இல்லை. எதைப் போடுவது?

திரையிடல் முடிந்ததும் பிப்ரவரி கடைசியில் சில உறுப்பினர்கள் ஹாங்காங் போகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலெல்லாம் நின்று செல்ஃபி எடுக்கும் இடங்கள்தான். நகரம் எப்படி மாறியது என்பது கண்ணுக்குத் தெரிகிற இடங்கள் வேண்டும். ஒருவர் நியான் பலகைகளை வீடியோ எடுக்கப் போகிறார். இங்கே ஒரு பலகையை வைத்துச் சோதித்ததில் திரையில் கோடு கோடாக ஓடுகிறது, எழுத்தெல்லாம் வெள்ளையாக வெளுத்துப்போகிறது.

அறிமுக உரை பத்து நிமிடம். 'அந்தக் காலம் போல வருமா' என்ற ஒப்பாரியாக அது முடியக்கூடாது. யோசனை சொல்லுங்கள்.

சுருள்பெட்டி

பிரதி விஷயத்தை முதலில் முடித்துக்கொள்வோம். இரண்டு நிறமும் இயக்குநர் ஒப்புக்கொண்டதுதான், சிக்கலே அங்கேதான். வோங் கார் வாய் தன் படங்களை 4கே தரத்தில் புதுப்பித்தபோது பழையதை அப்படியே மீட்கவில்லை, பல படங்களில் நிறத்தைத் திருத்தினார். 'இன் தி மூட்' முன்பு சிவப்பும் பழுப்புமாக இருக்கும். புதியதில் பச்சை ஏறியிருக்கும். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்துக்குச் சட்டக அளவையே (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 2.39க்கு அகலமாக்கிவிட்டார். உங்கள் தொடர் நகரத்தைப் பற்றியது என்பதால் என் ஓட்டு பழைய பிரதிக்கே. அது கிடைக்காவிட்டால் புதியதைப் போடுங்கள், ஆனால் ஒரே காட்சியை இரண்டு பிரதியிலிருந்தும் இரண்டு நிமிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு நகரத்தின் நிறம் என்று நாம் நினைவு வைத்திருப்பது ஒருவர் எடிட்டிங் மேசையில் எடுத்த முடிவு என்பது பார்வையாளருக்குத் தானாகப் புரியும்.

பொதுத் திரையிடல் உரிமையை வைத்திருப்பவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வட்டு என்றால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை அதுதான் சொல்லும். புளூ-ரேயில் ஹாங்காங், அமெரிக்கா இரண்டும் ஏ, இந்தியா சி. டிவிடியில் ஹாங்காங் 3, நாம் 5. மண்டலப் பூட்டு இல்லாத வட்டுகளும் உண்டு. சங்கத்தின் பிளேயரில் முன்கூட்டியே கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மீதி இரண்டு படங்களுக்கு என் பரிந்துரை:

'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' (1973). இதைத்தான் முதல் ஞாயிறு போடவேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் மாண்டரின் (சீனாவின் பொதுமொழி) படங்கள்தான் கோலோச்சின. 1972இல் காண்டனீஸ் படத் தயாரிப்பு ஏறக்குறைய நின்றே போயிருந்தது. ஊரில் பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசுவது காண்டனீஸ், திரையில் கேட்பது வேறு. அந்த நிலையை உடைத்த படம் இது. அதே ஆண்டு வந்த 'என்டர் தி டிராகன்' படத்தையே உள்ளூர் வசூலில் முந்தியது. கதை முழுக்க ஒரே ஒண்டுக்குடித்தனக் கட்டடம். தீயணைப்பு வீரர்கள் வந்து நின்று, காசு கொடுத்தால்தான் குழாயைத் திறப்போம் என்பார்கள். சிரிப்புக் காட்சிதான், ஆனால் அரங்கில் சிரித்தவர்களுக்கு அது அன்றாடம். ஊழல் தடுப்பு ஆணையம் 1974 பிப்ரவரியில்தான் வந்தது.

வட்டில் மாண்டரின் ஒலித்தடமும் இருந்தால் சில பிளேயர்கள் அதையே முதலில் எடுக்கும். காண்டனீஸைக் கையால் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று, 1990கள் வரை அங்கே பெரும்பாலான படங்களுக்குப் பிறகுதான் குரல் சேர்த்தார்கள், நம் ஊர் டப்பிங் போலவே. வாயசைவும் ஒலியும் ஒட்டாதபோது 'புரொஜக்டர் கோளாறு' என்று யாராவது எழுந்து வருவார்கள், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது 'மேட் இன் ஹாங்காங்' (1997), ஃப்ரூட் சான் இயக்கியது. மற்றவர்கள் எடுத்து மிச்சமான ஃபிலிம் துண்டுகளைச் சேர்த்து, தொழில்முறை அல்லாத நடிகர்களை வைத்து, அரசுக் குடியிருப்புகளில் எடுத்தது. 2017இல் 4கே பிரதி வந்துவிட்டது. 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' நகரத்தை மின்ன வைக்கும். இது அதே நகரத்தின் நீண்ட நடைக்கூடத்தையும் இரும்புக் கம்பிக் கதவையும் காட்டும். அடுத்தடுத்த வாரங்களில் போட்டால் நல்ல சண்டை கிளம்பும்.

மாடிப்படி

இடங்களைப் பற்றி. முதலிலேயே ஒரு ஏமாற்றம்: 'இன் தி மூட்' படத்தில் வரும் சந்துத் தெருவை ஹாங்காங்கில் தேடாதீர்கள். மங்கிய சுவர், தெருவிளக்கு, மழை எல்லாம் பாங்காக். 1962இன் ஹாங்காங் தெருவை 1999இல் ஹாங்காங்கில் தேடினால் கிடைக்கவில்லை என்பதால் படக்குழு அங்கே போனது. உங்கள் அறிமுக உரைக்கு இந்த ஒரு தகவலே போதும் என்பேன்.

'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' நேர் எதிர். சென்ட்ரல் பகுதியிலிருந்து மிட்லெவல்ஸ் மேட்டுக்கு ஏறும் வெளிப்புற நகரும் படிக்கட்டு 1993 அக்டோபரில் திறந்தது, படம் 1994. அன்று அது புத்தம்புதுசு, அதன் ஜன்னலோர வாழ்க்கையும் புதுசு. டோனி லியுங் குடியிருக்கும் வீடு ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோஃபர் டாயிலின் சொந்த வீடு. படிக்கட்டு 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் ஏற்றம். காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி, அப்புறம் நள்ளிரவு வரை மேல்நோக்கி. ஒன்பது மணிக்குப் போய் நின்றால் மேலே போகப் பக்கத்துப் படியில் நடக்கவேண்டியதுதான். பத்தரைக்குப் போங்கள், மேலே ஏறி, நடந்து இறங்குங்கள். 2018 முதல் பகுதி பகுதியாக இயந்திரங்களை மாற்றிவிட்டார்கள், ஆகவே படத்தில் வரும் அதே கைப்பிடியைத் தேடாதீர்கள். ஃபே வோங் வேலை செய்யும் அந்தச் சிற்றுண்டிக் கடையும் இல்லை.

படத்தின் பெயரில் வரும் சுங்கிங் மேன்ஷன்ஸ், சிம் ஷா சுயி பகுதியில் 1961இல் கட்டியது, 17 மாடி, ஏ முதல் ஈ வரை ஐந்து பிளாக். பிளாக்குக்கு இரண்டே லிஃப்ட், ஒன்று ஒற்றைப்படை மாடிக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. எந்த பிளாக், எந்த எண் என்று பார்க்காமல் வரிசையில் நின்றால் முதலிலிருந்து மறுபடி நிற்கவேண்டும். தரைத்தளக் கடைகள் வரை யாரும் போகலாம். கேமராவை முகத்துக்கு நேரே தூக்காதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

மாற்றம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றால் ஒரே நாளில் இரண்டு தெரு பாருங்கள், ஷியுங் வானில் விங் லீ தெரு, வான்சாயில் லீ துங் தெரு.

விங் லீ தெரு 1950களின் லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்புகள் வரிசையாக நிற்கும், சரிவில் மேடை போல் அமைந்த சிறு தெரு. நகரப் புதுப்பிப்பு ஆணையத்தின் திட்டத்துக்குள் வந்து, பெரும்பகுதி இடிபடும் நிலையில் இருந்தது. 'எக்கோஸ் ஆஃப் தி ரெயின்போ' படத்தை அங்கே எடுத்தார்கள். 2010 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் குழந்தைகள் படப் பிரிவில் அதற்குப் பரிசு கிடைத்தது. மார்ச்சிலேயே ஆணையம் திட்டத்தை மாற்றி, மொத்தத் தெருவையும் காப்பதாக அறிவித்தது. ஒரு படம் நேரடியாக ஒரு தெருவைக் காப்பாற்றியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சொல்வது கஷ்டம்.

லீ துங் தெருவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திருமணப் பத்திரிகை அச்சகங்கள் நிறைந்த தெரு, நம்ம சிவகாசிக் கடைத்தெரு போல. நடுவிலுள்ள பழைய கட்டடங்களை விட்டுவிட்டு இரண்டு முனையிலும் மட்டும் கோபுரம் எழுப்பலாம் என்று குடியிருப்பவர்களே மாற்றுத் திட்டம் வரைந்து கொடுத்தார்கள், நிராகரித்துவிட்டார்கள். தெரு முழுக்க இடிந்து, இப்போது பழைய ஐரோப்பியச் சாயலில் ஒரு கடைவீதி. இரண்டையும் ஒரே மதியத்தில் பார்த்தால் உரை எழுதவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு வேகமாக இடிகிறது என்று கேட்பவர்களுக்கு: காரணம் நில விலை மட்டும் இல்லை, சட்டமும்தான். 1999 முதல் ஒரு கட்டடத்தின் பங்கில் 90 சதவீதம் கையில் வைத்திருப்பவர், தீர்ப்பாயத்திடம் போய் மீதியையும் கட்டாய விற்பனைக்குக் கொண்டுவரலாம். 2010இல் 50 வயது தாண்டிய கட்டடங்களுக்கு இதை 80 ஆக்கினார்கள், 2024 இறுதியில் சில வகைகளுக்கு இன்னும் குறைத்தார்கள். சமப் பங்குள்ள 24 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 என்றால் 22 வீட்டை வாங்கியாகவேண்டும், மூன்று பேர் 'மாட்டேன்' என்றால் நிற்கும். 80க்கு 20 போதும், மறுக்க ஐந்து பேர் வேண்டும். ஒரு படிக்கட்டில் ஐந்து வீட்டை ஒன்றாக நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அடுக்ககச் சங்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கியடித்து நின்ற குடியிருப்பான கவுலூன் மதில் நகரம் 1993-94இல் இடிந்து இப்போது பூங்கா. அதிகபட்சம் 14 மாடியோடு நின்றதற்குக் காரணம் பக்கத்திலிருந்த கை டாக் விமான நிலையம். 1998 ஜூலையில் விமான நிலையம் இடம் மாறியதும் கவுலூனின் உயரக் கட்டுப்பாடு தளர்ந்தது. பழைய படங்களில் கூரைக்கு மேலே விமானம் உரசிக்கொண்டு போவதும், இன்று அதே பக்கம் கோபுரங்கள் முளைப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

நேரமிருந்தால் நார்த் பாயின்ட் ஸ்டேட் தியேட்டரை வெளியிலிருந்து பாருங்கள். 1952இல் திறந்தது, 1997இல் மூடியது. கூரைக்கு மேலே வெளியே தெரியும் கான்கிரீட் வளைவுகளிலிருந்து கூரையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதனால் உள்ளே பார்வையை மறைக்கத் தூண் கிடையாது. முதலில் மூன்றாம் தரப் பாரம்பரியக் கட்டடம் என்றுதான் முன்மொழிந்தார்கள், ஆர்வலர்கள் விடாமல் போராடி 2017இல் முதல் தரம் வாங்கினார்கள்.

குழல்விளக்கு

கோடு ஓடுவதற்குக் காரணம் ஷட்டர். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் எரியும் நியான், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். இங்கேயும் ஹாங்காங்கிலும் 50 ஹெர்ட்ஸ்தான். வினாடிக்கு 25 சட்டகத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடி வையுங்கள். 24 சட்டகம்தான் வேண்டும் என்றால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி, அதாவது அதே 1/50. 1/100ஐ விட வேகமாகப் போனால் கோடு நிச்சயம். எல்இடி பலகைக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று வேறு வேகத்தில் துடிக்கும், கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருந்தால் கோடு நிற்கும்வரை திருகவேண்டியதுதான்.

வெளுப்பது வேறு காரணம். சிவப்பு நியானில் கேமராவின் சிவப்புத் தடம் மட்டும் முதலில் நிரம்பி வழியும். மொத்த ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) 'எல்லாம் சரி' என்றே காட்டும், மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). குழலின் நடுப்பகுதி அப்போதும் வெளிறித்தான் இருக்கும், அதைச் சுற்றிச் சுவரிலும் ஈரத் தரையிலும் படியும் நிறம்தான் உங்களுக்கு வேண்டியது. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். பலகை மாறும்போதெல்லாம் நிறம் குதிக்கும். 4000 கெல்வினை ஒட்டிப் பூட்டிவிடுங்கள்.

'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' ஓட்டக் காட்சிகளின் அந்த இழுபடும் தோற்றம் வேண்டுமா? வினாடிக்கு 8 சட்டகம், ஷட்டர் 1/10. பிறகு 24 சட்டக டைம்லைனில் ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை வையுங்கள். எடிட்டிங் மென்பொருளில் சட்டகக் கலப்பை (அடுத்தடுத்த சட்டகங்களை ஒன்றோடொன்று குழைக்கும் வசதி) அணைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெட்டு வெட்டாக வராமல் கூழாகிவிடும். 1/8 வேண்டாம், 1/10 நியான் துடிப்போடு சரியாகப் பொருந்தும்.

அசல் நியான் எது என்று அடையாளம் காண: கண்ணாடிக் குழலின் இரண்டு முனையிலும் மின்முனை இருக்கும், எழுத்துக்கு எழுத்து தாவும் இடத்தில் குழலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள், வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவும். எல்இடி பட்டை முன்பக்கம் மட்டும்தான் ஒளிரும், நெருங்கினால் புள்ளி தெரியும். குழலை அடுப்புத் தீயில் காட்டி இளக்கி, முழு அளவு வரைபடத்தின் மேல் வைத்து வளைப்பார்கள். வளைவில் குழல் நசுங்காமல் இருக்க ஒரு முனையில் ரப்பர்க் குழாய் பொருத்தி வாயால் ஊதிக்கொண்டே வளைக்கவேண்டும். பிறகு காற்றை உறிஞ்சி, உயர் மின்னழுத்தம் பாய்ச்சிச் சூடாக்கி அழுக்கை விரட்டி, வாயு நிரப்பி மூடுவார்கள். நியான் என்றால் செம்மஞ்சள், ஆர்கானும் ஒரு துளி பாதரசமும் என்றால் நீலம். மற்ற நிறங்களுக்குக் கண்ணாடியிலும் உள்பூச்சிலும்தான் வித்தை. டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை ஏற்றும். கடல் காற்றின் உப்பும் ஈரமும் அந்த ஒயரின் காப்புறையைத் தின்னும். பாதி எழுத்து அணைந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், வாயு தீர்ந்துபோவதில்லை.

பலகைகள் மறைந்ததற்கு எல்இடி மலிவு என்பது பாதிக் காரணம்தான். தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டங்களில் பெரும்பாலானவை அனுமதி வாங்காதவை. 2013இல் வந்த திட்டப்படி சிறிய பலகைகளைத் தகுதியுள்ளவரை வைத்துச் சோதித்துச் சான்று வாங்கலாம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பெரிய நியானுக்கு அதுவும் பொருந்தாது, கழற்றச் சொல்லி உத்தரவுதான். சாய் யிங் புன்னில் ஒரு ஸ்டேக் உணவகத்தின் பெரிய நியான் மாடு 2015இல் அப்படித்தான் இறங்கியது. அது இப்போது மேற்குக் கவுலூனின் எம்+ அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

இன்னும் தெருவில் பார்க்க வேண்டுமென்றால் அடகுக்கடைகளைத் தேடுங்கள். வௌவால் ஒரு காசைக் கவ்வித் தொங்கும் வடிவம், எல்லா அடகுக்கடைக்கும் அதே அடையாளம். வாசலுக்குள் ஒரு மறைப்புத் தட்டி நிற்கும், உள்ளே போனவர் யாரென்று தெருவில் போகிறவருக்குத் தெரியாது.

கோவை_திரைவட்டம்

ஷட்டரை 1/50 ஆக்கியதும் கோடு நின்றுவிட்டது, நன்றி குழல்விளக்கு. 72 டெனன்ட்ஸ் முதல் வாரம் என்று முடிவு செய்துவிட்டோம். அறிமுக உரையில் அடையாளம் பற்றி என்ன சொல்வது என்பதில் மட்டும் இன்னும் பிடி கிடைக்கவில்லை. நியானும் பழைய தெருவும்தான் ஹாங்காங்கின் அடையாளம் என்று சொல்லலாமா?

படகுத்துறை

சொல்லாதீர்கள். நியானைச் சுற்றுலாத் துறையும் விற்கிறது, இடித்துக் கட்டியவர்களும் வடிவமைப்பில் ஒட்டிக்கொள்கிறார்கள். காதால் கேட்கச் சொல்லுங்கள்.

'இன் தி மூட்' படத்தில் வீட்டுக்காரம்மா பேசுவது ஷாங்காய் மொழி, நாயகனும் நாயகியும் பதில் சொல்வது காண்டனீஸில். 1949ஐ ஒட்டி ஷாங்காயிலிருந்து வந்தவர்களின் ஒரு தீவு அந்த வீடு. சப்டைட்டில் இரண்டையும் ஒரே ஆங்கிலமாகத் தட்டையாக்கிவிடும், நம் பார்வையாளருக்கு அது தெரியவே தெரியாது. படத்துக்கு முன் அந்த அம்மா பேசும் ஒரு நிமிடத்தையும் மற்றவர்கள் பேசும் ஒரு நிமிடத்தையும் ஒலியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். 'சுங்கிங்' படத்தில் தகேஷி கனேஷிரோ ஒரே காட்சியில் மொழி மாற்றி மாற்றிப் பேசிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே படத்தின் முதல் பாதியில் தெற்காசியர்கள் போதைப்பொருள் கடத்தலுக்கு அமர்த்தப்படும் கூட்டமாக மட்டும் வருகிறார்கள். இதைத் தமிழ்நாட்டுத் திரையிடலில் பேசாமல் விடுவது சரியில்லை. சிம் ஷா சுயி பக்கம் காயல்பட்டினத்து வணிகர்கள் பல காலமாக இருக்கிறார்கள். சென்னையிலிருந்து சரக்கோடு போய்வந்த 'குருவி'களுக்கு சுங்கிங் மேன்ஷன்ஸ் பழகிய முகவரி. சில நிமிட நடையில் கவுலூன் மசூதி. 1896இல் பிரிட்டிஷ் படையின் இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக எழுந்தது, இப்போதுள்ள கட்டடம் 1984. ஹாங்காங் அடையாளம் என்ற சொல்லுக்குள் இவர்களுக்கு எவ்வளவு இடம் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இடிப்பதை எதிர்த்து மக்கள் திரண்டதையும் ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள். சென்ட்ரலின் பழைய ஸ்டார் ஃபெரி துறையும் அதன் மணிக்கூண்டும் 2006 இறுதியில் போயின, பக்கத்திலிருந்த குயின்ஸ் பியர் 2008க்குள் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில்தான் 'யாருடைய நகரம்' என்ற கேள்வி பழைய கட்டடப் பிரியர்களைத் தாண்டி வெளியே வந்தது. 2015இல் வந்த 'டென் இயர்ஸ்' படத்தின் ஒரு பகுதி, மாண்டரின் சரியாகப் பேசத் தெரியாததால் தொழிலில் ஒதுக்கப்படும் டாக்சி ஓட்டுநரைப் பற்றியது. மறு ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் அதுதான். 2021 அக்டோபரில் தணிக்கைச் சட்டத்தைத் திருத்தியபிறகு, ஏற்கெனவே சான்று வாங்கிய படத்தின் சான்றையும் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டித் திரும்பப் பெறலாம். 1973இல் ஒரு மொழி திரைக்குத் திரும்பியதில் தொடங்கி இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் பத்து நிமிடத்துக்கு அதிகமாகவே விஷயம் இருக்கிறது.

சுருள்பெட்டி

படகுத்துறை சொன்னது சரி, ஆனால் 'டென் இயர்ஸ்' முழுசாகப் போடாதீர்கள், ஐந்து குறும்படமும் ஒரே தரம் இல்லை. அந்த டாக்சிப் பகுதி மட்டும் போதும்.

போகிறவர்களுக்கு: சாய் வான் ஹோவில் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, 2001இல் திறந்தது. பழைய படங்களைத் திரையிடுவார்கள். மாத நிரலையும் விடுமுறை நாளையும் பார்த்துக்கொண்டு போங்கள்.

மாடிப்படி

தங்குவதற்கு மெய் ஹோ ஹவுஸ் பாருங்கள், ஷாம் ஷுய் போ பக்கம். 1953 கிறிஸ்துமஸ் இரவு ஷெக் கிப் மெய் குடிசைத் தீயில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தபின் கட்டிய முதல் மறுகுடியமர்வுக் கட்டடங்களில் மிஞ்சியது, இப்போது இளைஞர் விடுதி. அன்றைய கணக்கு பெரியவர் ஒருவருக்கு 24 சதுர அடி. ஐந்து பேருக்கு 120 சதுர அடி அறை, குளியலும் கழிப்பறையும் பொது. கீழே சிறிய அருங்காட்சியகம் உண்டு. 'மேட் இன் ஹாங்காங்' பார்த்துவிட்டு வருபவர்கள் அதைத் தவறவிடக்கூடாது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் வருகைக்கு முந்தைய பதிவை இணையத்தில் செய்தாகவேண்டும். கட்டணம் இல்லை. ஒரு முறைக்கு 14 நாள் வரை தங்கலாம், பதிவு ஆறு மாதம் செல்லும். பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கவேண்டும், இனிஷியல் விரித்த பெயர்களில்தான் தவறு நடக்கும். பதிவுச் சீட்டை அச்சிட்டுக் கையெழுத்திட்டு எடுத்துப்போங்கள், விமான கவுன்டரில் போர்டிங் பாஸுக்கு முன்பே கேட்பார்கள். பதிவு ஏற்கப்படாவிட்டால் முறையான விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். ஆகவே டிக்கெட் போடும் முன் இதை முடியுங்கள்.